டெலோரியன் காலப்பயணக் கார்: 1/24 அளவில் கட்டும் முறை

1985-இல் வெளிவந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தின் காலப்பயணக் கார், 1981-இல் விற்பனைக்கு வந்த டெலோரியன் டிஎம்சி-12-இன் மேல் கட்டப்பட்டது. மாடல் கட்டுபவருக்கு இந்தக் கார் இரண்டு சவால்களை வைக்கிறது. முதலாவது, இதன் உடலுக்குப் பெயின்ட் கிடையாது. தீட்டப்படாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு அப்படியே தெரியும். இரண்டாவது, அதன்மேல் ஒட்டிய வயர்களும் பெட்டிகளும் குழாய்களும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் அறையின் மறுகோடியிலிருந்தே கார் அடையாளம் தெரியும். ஸ்டீல் கண்ணாடிபோல் பளபளத்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பொம்மையாகத்தான் தெரியும்.

முதலில் காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

கிட் பெட்டியைத் திறப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது: படத்தின் எந்த நேரத்துக் கார்? தொடரின் மூன்று படங்களிலும் கார் மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் படத்தின் வணிக வளாகக் காட்சியில் பின்புறம் புளூட்டோனிய உலை இருக்கும், கலிஃபோர்னியா நம்பர் பிளேட்டில் 'அவுட்டாடைம்' என்று இருக்கும். மணிக்கூண்டில் இடி விழும் காட்சியில் பின்னால் நீண்ட கம்பியும் அதன் நுனியில் கொக்கியும் சேரும். அந்தப் படத்தின் முடிவில் உலையின் இடத்துக்கு, குப்பையை எரிபொருளாக்கும் 'மிஸ்டர் ஃபியூஷன்' வந்துவிடுகிறது. அது உண்மையில் க்ரூப்ஸ் நிறுவனத்தின் காபி அரைக்கும் இயந்திரம். இரண்டாம் படத்தில் சக்கரங்கள் மடங்கிப் பறக்கும், நம்பர் பிளேட் பார்கோடாகிவிடும். மூன்றாம் படத்தில் முன் பானெட் மேல் வெற்றிடக் குழாய்கள் கொண்ட பெட்டி, வெள்ளை வளைய டயர்கள், பிறகு தண்டவாளச் சக்கரங்கள்.

இவற்றைக் கலந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கொக்கிக் கம்பியையும் மிஸ்டர் ஃபியூஷனையும் ஒரே காரில் வைத்தால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும். அயோஷிமா நிறுவனம் மூன்று படங்களுக்கும் தனித்தனியாக 1/24 கிட் வெளியிட்டிருக்கிறது. எந்தக் காட்சி வேண்டுமோ அதற்கான கிட்டையே வாங்குங்கள். பின்னால் பாகம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வேலை இரட்டிப்பாகும். முதன்முறை கட்டுபவருக்கு வணிக வளாகக் காட்சியே நல்லது. வயர்கள் எல்லாம் இருக்கும். வெளியே கூடுதல் பாகங்கள் குறைவு.

பார்த்துச் செய்ய நிழற்படங்கள் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ரசிகர்கள் கட்டிய முழு அளவுப் பிரதிகள் உலகமெங்கும் இருக்கின்றன; இணையத்தில் கிடைக்கும் தெளிவான படங்களில் பல அவற்றுடையவை. ஒவ்வொன்றிலும் வயர் போகும் வழி வேறு. படப்பிடிப்பில் முதன்மையாக நின்ற கார் புதுப்பிக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலஸிலுள்ள பீட்டர்சன் வாகன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காரின் படங்களையும், படத்திலிருந்தே நிறுத்தி எடுத்த பிரேம்களையும் மட்டும் நம்புங்கள். முதல் படத்துக்கு மூன்று டெலோரியன்கள் பயன்பட்டன. ஆகவே உள்ளே எடுத்த ஷாட்டும் வெளியே எடுத்த ஷாட்டும் சில இடங்களில் ஒத்துப்போகாது. முரண்பாடு வந்தால் முதன்மைக் காரின் பக்கம் நில்லுங்கள்.

அளவைச் சரிபார்த்தல்

டிஎம்சி-12-இன் நீளம் 4267 மி.மீ., உயரம் 1140, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2413. 24-ஆல் வகுத்தால் மாடலின் நீளம் 177.8 மி.மீ., உயரம் 47.5, அச்சு இடைவெளி 100.5. பாகங்களை ஒட்டாமல் டேப்பால் கட்டிவைத்து வெர்னியர் காலிப்பரால் இந்த மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். உயரம் 1 மி.மீ. கூடினாலே கார் ஜீப்போல் நிமிர்ந்து நிற்கும்.

பலரும் தவறவிடுவது சக்கரத்தை. இந்தக் காரின் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவில்லை. முன்னால் 195/60 - 14 அங்குலம், பின்னால் 235/60 - 15 அங்குலம். மாடலில் முன் டயரின் விட்டம் 24.6 மி.மீ., பின் டயர் 27.6. கழற்றி மாட்டும்போது இடம் மாறாமலிருக்க உள்பக்கத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

வேண்டியவை

பக்கவெட்டு நிப்பர், 11-ஆம் எண் பிளேடு கத்தி, 0.3 முதல் 1 மி.மீ. வரை துளையிடும் பிட்டுகளும் கைத்துளைப்பானும், 400, 600, 1000, 1500, 3000 எண் உப்புத்தாள் அல்லது ஸ்பாஞ்ச், 2 மற்றும் 6 மி.மீ. மாஸ்கிங் டேப், 0.3 மி.மீ. நாசில் கொண்ட ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி), சாம்பல் பிரைமர், பளபளப்புக் கறுப்பு, ஸ்டீல் நிற மெட்டாலிக் லாக்கர் 30 மி.லி. ஒட்டுவதற்கு, ஊறிப்போகும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், சூப்பர் க்ளூ, கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் வெள்ளைப் பசை. வயர்களுக்கு, 0.5 மி.மீ. வெளிவிட்டமுள்ள 30 கேஜ் ரேப்பிங் வயர் 2 மீட்டர், 0.3 மி.மீ. செப்புக் கம்பி 1 மீட்டர், 0.8 மி.மீ. ஈயமில்லாத சால்டர் கம்பி 1 மீட்டர்.

ஸ்பிரே டப்பாவாலும் மெட்டாலிக் அடிக்கலாம். ஆனால் இந்தக் காரில் முழு வேலையும் அந்த ஒரு பூச்சைத்தான் நம்பியிருக்கிறது. ஏர்பிரஷ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

உடலைத் தயார் செய்தல்

பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து (அவை இணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் மெட்டாலிக் பூச்சில் மீன்கண் மாதிரி குழிகள் விழும்.

உடலின் மேல் அச்சு சேர்ந்த கோடுகள் தெரியும். 600-இல் தொடங்கி 1000, 1500 என்று தேய்த்து அவற்றை நீக்குங்கள். சாதாரணக் காரில் பெயின்ட் சின்னக் கீறலை மறைத்துவிடும். இங்கே நேர்மாறு: மெட்டாலிக் பூச்சு கீறலைப் பெரிதாக்கிக் காட்டும். பிரைமர் அடித்ததும் விளக்குக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு கீறல் தெரிந்தாலும் மறுபடி தேய்த்து மறுபடி பிரைமர். சலிப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

பேனல் இடைவெளிகள் நிஜக் காரில் சில மி.மீ. அகலம், 1/24-இல் 0.2 மி.மீ. அளவுக்கு வரும். பிரைமர், கறுப்பு, மெட்டாலிக் என்று மூன்று படலம் ஏறினால் இந்தக் கோடுகள் தூர்ந்துவிடும். முதலிலேயே 0.15 மி.மீ. ஸ்கிரைபரால் (கோடு கீறும் கருவி), அழுத்தாமல், ஐந்தாறு முறை இழுத்து ஆழப்படுத்துங்கள். ஒரே இழுப்பில் ஆழமாக்க முயன்றால் கருவி கோட்டைவிட்டுத் தாவி பேனலின் மேல் கீறிவிடும்.

ஸ்டீல்

இதுதான் இந்த மாடலின் உயிர், அவசரப்படாதீர்கள்.

பிரைமர் நன்றாகக் காய்ந்தபின் பளபளப்புக் கறுப்பை மெல்லிய மூன்று கோட்டாக (பூச்சாக) அடியுங்கள். கறுப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவுதான் உலோகத் தோற்றம். லாக்கர் கறுப்பானால் ஒரு நாள், எனாமல் கறுப்பானால் குறைந்தது மூன்று நாள் காயவிடுங்கள். மூக்கருகே வைத்தால் வாசனை வரக்கூடாது. வாசனை இருக்கும்போதே மெட்டாலிக் அடித்தால் அடிப்படலம் இளகி, மேலே சிலந்திவலை மாதிரி வெடிப்பு விழும்.

இனி ரேகை. டெலோரியனின் தகடுகள் தூரிகையால் இழுத்ததுபோல் ஒரே திசையில் தேய்க்கப்பட்டவை. எந்தப் பேனலில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை முதன்மைக் காரின் படத்தில் பார்த்து, ஒரு தாளில் காரை வரைந்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காய்ந்த கறுப்பின் மேல் 3000 எண் ஸ்பாஞ்சை அந்தத் திசையில் மட்டும், விரலின் எடையளவு அழுத்தத்தில் ஐந்தாறு முறை இழுங்கள். ஒரு பேனலைச் செய்யும்போது பக்கத்துப் பேனலை டேப்பால் மூடுங்கள். ரேகை பேனல் கோட்டைத் தாண்டிப் போகக்கூடாது. முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். வட்டமாக ஒரு சுற்று போனாலும் பிறகு மறைக்க முடியாது.

ரேகை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 800 எண் தாளை எடுப்பவர்கள் உண்டு. அந்தக் கீறலை 24 மடங்கு பெருக்கிப் பாருங்கள். ஆணியால் கீறிய கார் ஆகிவிடும். இந்த அளவில் கோடு தெரியக்கூடாது. காரைத் திருப்பும்போது ஒளி ஒரு திசையில் இழுபடுவது மட்டும் தெரிந்தால் போதும்.

மெட்டாலிக்கை 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 5 முதல் 8 செ.மீ. தூரத்திலிருந்து, நீர்த்துக் கலக்கத் தேவையில்லாத ரகமானால் அப்படியே அடியுங்கள். அல்கிளாட் நிறுவனத்தின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதற்கு மிகப் பொருத்தம். முதல் கோட்டு புகைபோல் படிந்தால் போதும், கறுப்பு தெரியட்டும். மூன்று அல்லது நான்காவது கோட்டில் நிறம் கூடிவரும்; கறுப்பு மறைந்த உடனே நிறுத்துங்கள். அதற்குமேல் அடித்தால் வெறும் சாம்பலாகிவிடும். தூரம் அதிகமானால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல்போல் உட்காரும், தொட்டால் சொரசொரக்கும். மிக அருகில் போனால் ஓடிவிடும்.

நிஜக் காரில் கதவும் ஃபெண்டரும் தனித்தனித் தகடுகள், ஆகவே ஒளியை அவை சற்றே வேறுபட்டுத் திருப்பும். அதைக் கொண்டுவர, கதவுகளை மட்டும் டேப் ஒட்டாமல் விட்டு மற்றதை மூடி, இன்னும் ஒரு புகைக் கோட்டு அடியுங்கள். வேறுபாடு நிழற்படத்தில் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும்.

கடைசியாக, முன்னாலும் பின்னாலும் உள்ள பம்பர் பகுதிகள் ஸ்டீல் இல்லை. அவை பெயின்ட் அடித்த யூரித்தேன். உடலோடு சேர்த்து ஒரே நிறம் அடிப்பது பரவலான பிழை. மேட் அலுமினியத்தில் கால் பங்கு வெளிர் சாம்பல் கலந்து தனியாக அடியுங்கள். பக்கவாட்டில் ஓடும் ரப்பர் பட்டையும் அடிப்பகுதியும் பாதிப் பளபளப்புக் கறுப்பு. மெட்டாலிக் மேல் ஒட்டும் டேப்பை முதலில் உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்து அதன் பிடிமானத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீலும் கூடவே உரிந்து வரும்.

எல்லாம் முடிந்ததும் மேலே கிளியர் கோட் அடிக்கும் பழக்கம் இங்கே கூடாது. பளபளப்பு வார்னிஷ் பட்ட நொடியில் உலோகம் பிளாஸ்டிக்காகிவிடும். கையால் தொடாமல் காப்பதே பாதுகாப்பு: பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்குகள்

கட்டாயமில்லை. ஆனால் உள்ளே ஒளிராத டெலோரியன் பாதிக் கார்தான் என்பது எங்கள் துணிபு. செய்வதானால் உடலும் உட்புறமும் சேரும் முன்பே செய்துவிட வேண்டும்.

உடலின் உள்பக்கத்தில் முதலில் கறுப்பும் பிறகு வெள்ளியும் அடியுங்கள். இல்லாவிட்டால் எல்இடி எரியும்போது பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் கசிந்து கார் முழுவதும் காகித விளக்குபோல் மினுங்கும். 0402 அளவு எல்இடிகள் 1 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. அகலம், அவற்றுக்கு 0.1 மி.மீ. எனாமல் செப்புக் கம்பி போதும். கம்பியின் நுனியைச் சூடான சால்டரிங் நுனியில் பிடித்து எனாமலை எரித்த பிறகே பற்றவையுங்கள்.

மின்சாரத்துக்கு யூஎஸ்பி 5 வோல்ட் எளிது. வெள்ளை, நீல எல்இடிகளுக்குச் சுமார் 3 வோல்ட், சிவப்பு, மஞ்சளுக்குச் சுமார் 2 வோல்ட். 5 மில்லியாம்ப் ஓட வேண்டுமானால் வெள்ளைக்கு 390 ஓம், சிவப்புக்கு 680 ஓம் ரெசிஸ்டர். பச்சையில் இரண்டு ரகமும் உண்டு, வாங்கிய எல்இடியின் தரவுத்தாளைப் பாருங்கள். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். ஒரே ரெசிஸ்டரில் பலவற்றை இணையாகக் கோத்தால் ஒன்று அதிகமாக எரியும், மற்றது மங்கும். டாஷ்போர்டில் உள்ள நேரக்காட்டிக்கு 5 மில்லியாம்ப்பே கண்ணைக் கூசும். அங்கே சிவப்புக்கு 2.2 கிலோஓம் போடுங்கள். சிஆர்2032 பட்டன் செல்லைக் காருக்குள் ஒளித்துவைக்கும் யோசனை வேண்டாம். பத்துப் பதினைந்து எல்இடிக்கு அது தாங்காது.

நேரக்காட்டியில் மேலிருந்து கீழே: போகுமிடம் சிவப்பு, இப்போதைய நேரம் பச்சை, கடைசியாகப் புறப்பட்டது மஞ்சள். படத்தின் நாயகன் மார்ட்டி புறப்படும் காட்சியானால் சிவப்பு வரிசையில் 1955 நவம்பர் 5, காலை 6:00 இருக்க வேண்டும்.

படத்தில் காலப்பயணத்தைச் சாத்தியமாக்கும் கருவியான ஃப்ளக்ஸ் கெபாசிட்டரின் ஒய் வடிவ மூன்று கைகளிலும் ஒளி வெளிமுனையிலிருந்து நடுவை நோக்கி ஓடும். கைக்கு மூன்றாக ஒன்பது எல்இடி வையுங்கள். மூன்று கைகளிலும் ஒரே தூரத்திலுள்ள மூன்றையும் ஒரு படியாகச் சேர்த்தால் மொத்தம் மூன்று படிகள். துடிப்பு உண்டாக்கும் 555 டைமர் சிப்பில் 10 கிலோஓம், 56 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் நொடிக்குச் சுமார் 12 துடிப்பு வரும். அதை, துடிப்புகளை எண்ணி வரிசையாக வெளியேற்றும் சிடி4017 சிப்பின் 14-ஆம் காலுக்குக் கொடுங்கள். அதன் 3, 2, 4-ஆம் கால்கள் மூன்று படிகள். 7-ஆம் காலை 15-ஆம் காலோடு இணைத்தால் மூன்றாம் படிக்குப் பின் முதலுக்குத் திரும்பும். 13-ஆம் காலையும் 8-ஆம் காலையும் கிரவுண்டில் சேருங்கள், 16-க்கு 5 வோல்ட். 4017-ஆல் மூன்று எல்இடியை நேரடியாக ஓட்ட முடியாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 4.7 கிலோஓம். இந்தச் சுற்றெல்லாம் காருக்குள் அடங்காது, காட்சிப் பலகையின் அடியில் வையுங்கள். கம்பிகளைப் பின் சக்கரத்தின் உட்புறம் வழியாக இறக்கினால் வெளியே தெரியாது.

வயர்களும் வெளிப் பாகங்களும்

கிட்டில் வயர்கள் பிளாஸ்டிக்காகவே அச்சாகியிருந்தால் அவற்றைச் சீவிவிட்டு நிஜ வயர் போடுங்கள். 12 மி.மீ. தடிமனான கேபிள் இந்த அளவில் 0.5 மி.மீ.; 0.8-க்கு மேல் எங்கும் போகாதீர்கள், குழாய்கள் தவிர. மாடல் செயற்கையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் வயர் பருத்திருப்பதுதான்.

வயரைப் பரப்பின் மேல் வைத்துப் பசை தடவுவது எளிது, ஆனால் அசிங்கம். வயர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 0.6 மி.மீ. துளை, 2 மி.மீ. ஆழம். நுனியை உள்ளே செருகி, ஊசி முனையில் எடுத்த சூப்பர் க்ளூ ஒரு புள்ளி. அப்போதுதான் வயர் பாகத்திலிருந்து முளைத்து வருவதுபோல் இருக்கும். வளைவுகளை முதலில் பென்சிலைச் சுற்றி உருவாக்கி, பிறகு இடத்தில் வையுங்கள். உண்மையான கேபிள் கூர்மையாக மடங்காது, தன் எடையில் கொஞ்சம் தொங்கும். சால்டர் கம்பியானால் வளைத்த பிறகே பிரைமரும் பெயின்ட்டும். முதலில் அடித்துவிட்டு வளைத்தால் செதில் செதிலாக உதிரும்.

வரிசை முக்கியம்: அடியில் போகும் வயர் முதலில், பிறகு பெட்டிகள், பிறகு மேலே தாவும் வயர்கள், கடைசியில் பின்புறத்து இரண்டு பெரிய வெளியேற்றிகள். வெளியேற்றிகளை முன்பே ஒட்டிவிட்டால் அவற்றின் நடுவே விரலும் போகாது, இடுக்கியும் போகாது. சூப்பர் க்ளூவின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். ஆகவே இந்த வேலை முடிந்து ஒரு நாள் ஆனபின் கண்ணாடிகளை வெள்ளைப் பசையால் மாட்டுங்கள்.

உடலைச் சுற்றி ஓடும் பட்டைகள், கார் மணிக்கு 88 மைல் வேகத்தை எட்டும்போது நீலமாக ஒளிரும். நின்றிருக்கும் காரைக் காட்டினால் அவற்றை ஒளிரவிடாதீர்கள்.

கதவுகள்

மேல்நோக்கித் திறக்கும் கதவைத் திறந்த நிலையில் காட்ட ஆசை வரும். கிட்டின் பிளாஸ்டிக் கீல் நாளடைவில் தளர்ந்து கதவு தொங்கிவிடும். 0.8 மி.மீ. பித்தளைக் குழாயில் 0.5 மி.மீ. கம்பி செருகிக் கீல் செய்யுங்கள். கதவைத் தாங்க நிஜக் காரில் இருப்பதுபோல் ஒரு ஸ்ட்ரட்: 0.6 மி.மீ. கம்பியைக் கழற்றி மாட்டும்படி வெட்டி, இரு முனைக்கும் சின்னத் துளை. மூடும்போது கம்பியை எடுத்துவிடலாம்.

பனி

காலம் தாண்டித் திரும்பும் கார் உறைபனி மூடி வரும். அந்த நிலையைக் காட்ட விரும்பினால், நுண்ணிய கண்ணாடி மணித்தூளை மேட் வார்னிஷில் கலந்து, மேலிருந்து கீழாக மெல்லத் தட்டுங்கள். சமையல் சோடா வேண்டாம். சில மாதங்களில் மஞ்சளாகி அடிப்படலத்தையும் கெடுக்கும். பனி ஒருமுறை போட்டால் அடியிலிருக்கும் ஸ்டீலைத் திரும்பப் பெற முடியாது. கழிவாகப் போகும் ஒரு பானெட்டில் முதலில் பழகிப் பாருங்கள்.

பலகையில் வைக்கும் முன்

கிட்டுகளின் மென்மையான வினைல் டயர்களிலிருந்து எண்ணெய்த்தன்மை கசியும். பிளாஸ்டிக் ரிம்மையும், காட்சிப் பலகையின் பெயின்ட்டையும் அது சில மாதங்களில் இளக்கி ஒட்டவைத்துவிடும். ரிம்மின் மேல் மெல்லிய அலுமினிய ஃபாயில் சுற்றி டயரை மாட்டுங்கள். அச்சுகளுக்கு அடியில் இரண்டு பித்தளைக் குச்சிகள் நிறுத்தி, எடையை டயர்மேல் விடாமல் அவற்றின்மேல் இறக்கிவிடுங்கள்.